சரி என்பது ஒரு சத்தம்

பதினோரு மணிக் கூட்டம் பதினொன்று இருபதாகியும் தொடங்கவில்லை. தலைவர் வேறொரு கூட்டத்தில் இருக்கிறாராம். அந்தக் கூட்டம் இன்னொரு தலைவருக்காகத் தாமதமாம். உட்கார்ந்தால் ஆளை விழுங்கிவிடும் டெல்லி சோபா ஒன்றின் நுனியில் வேதநாயகி ஒட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு கொடுத்த பித்தளை வில்லை உள்ளங்கையில் இருந்தது. எண் முப்பத்தாறு. அதை அழுத்தி அழுத்தி, முப்பத்தாறு என்ற எண் தோலிலேயே தலைகீழாகப் பதிந்துவிட்டது. மடியில் கோப்பு. கோப்புக்குள் போன மாதக் கூட்டத்தின் குறிப்பு, நாலாம் பக்கம், ஏழாம் பத்தி. திறந்து பார்க்க வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் திறந்தாள். ‘இரண்டாவது குரல் இனித் தேவையில்லை என்பதைச் சரிபார்ப்புப் பிரிவின் டாக்டர் வேதநாயகி சரியென உறுதி செய்தார்.’ ஆங்கிலத்தில் இன்னும் மிடுக்காக இருந்தது. இன்றைக்குத் தலைவர் இந்தக் குறிப்பைப் படித்து, திருத்தம் உண்டா என்று கேட்பார். யாரும் வாயைத் திறக்காவிட்டால் அது அப்படியே நிலைத்துவிடும்; அடுத்த வாரம் மேலே போகும்; அதற்கப்புறம் இந்த நாட்டின் அணு ஆயுத எச்சரிக்கை ஏற்பாட்டில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனைக் கூப்பிட்டு ‘உனக்கும் தெரிகிறதா?’ என்று கேட்கும் அந்த ஒரு தொலைபேசி அழைப்பு இருக்காது. அவள் உறுதி செய்யவே இல்லை. அவள் சொன்னது ‘சரி... சரி...’ என்று மட்டும்தான்.

அதை எப்படி இவர்களுக்குப் புரியவைப்பது? போன மாதம் அவள் பெங்களூரிலேயே இருந்தாள். கூட்டத்தில் ஒரு பாதுகாப்புத் தொலைபேசி வழியாகக் கலந்துகொண்டாள். முகம் தெரியாது, குரல் மட்டும்தான், அதுவும் சங்கேதமாகிக் கலங்கிப் போய்த் திரும்பி வருவதற்குள் தகர டப்பாவில் பேசியதுபோல் ஆகிவிடும். அப்படி ஒரு போனில் நம்மூர் ஆள் என்ன செய்வான்? நான் இருக்கிறேன், லைன் அறுந்துவிடவில்லை, நீ பேசு என்பதற்காக ‘சரி... சரி... ம்... சரி’ என்று சத்தம் கொடுத்துக்கொண்டே இருப்பான். அது வார்த்தையே இல்லை. மாட்டுக் கழுத்து மணி மாதிரி, மாடு இங்கேதான் நிற்கிறது என்று அர்த்தம், அவ்வளவே. தமிழில் சரி என்றால் ஆமாம். சரி என்றால் போகட்டும். சரி என்றால் நான் கிளம்புகிறேன். சரிசரி என்றால் வாயை மூடு. ஆனால் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவர் தலைவர் சிட்னிஸ், மகாராஷ்டிரத்துக்காரர், ஓய்வுபெற்ற தளபதி, தங்கமான மனிதர். அந்தக் கரகரப்பில் அவர் காதில் விழுந்தது ‘ஸஹி’. இந்திக்காரருக்கு ஸஹி என்றால் உண்மை, சரியானது. அவருடைய மராத்தியில் கையெழுத்துக்கே அதுதான் பெயர். ஆக வேதநாயகி ஒரே மூச்சில் உண்மை என்று சொல்லி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள். இது அவளுக்குப் புதிதில்லை என்பதுதான் கொடுமை. இருபத்து நாலு வயதில் கோவில்பட்டிச் சித்தி போனில் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனாள், பையன் காலேஜில் பிசிக்ஸ் எடுக்கிறான், கொஞ்சம் முன்வழுக்கை, இவள் ‘சரி சித்தி, சரி சித்தி’ என்றாள். ராத்திரிக்குள் பூ வைக்க நாள் குறித்துவிட்டார்கள். உலகநாதன் இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் கேலி செய்வான், “போன் சரியில்லாததால கெடச்ச புருசன் நானு.” அந்தச் சரி அவளுக்கு நல்லதாகத்தான் முடிந்தது. அதை நம்பி எல்லாச் சரியும் நல்லதாக முடியும் என்று எங்கே எழுதிக் கொடுத்திருக்கிறது.

தேநீர் வந்தது. கோப்பையை வாங்கியதும் பழக்கதோஷத்தில் எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சூடு ஆறிக் குடிக்கும் பதத்துக்கு வர ஆறு நிமிஷம். ஆறு நிமிஷம்தான் இப்போது எல்லாமே. ஏவுகணை திரையில் தெரிந்ததிலிருந்து வந்து விழுவதற்குள் கிடைக்கும் நேரம் அது; முன்பு பதினொன்று இருந்தது. பதினோரு நிமிஷம் என்பது அந்தக் காலத்து ஏவுகணைகளின் தாராளம். மேலே போய், வளைந்து, சாவகாசமாக இறங்கும். இப்போது பக்கத்து நாட்டுக்காரன் செய்திருப்பது தாழ்வாகப் பறக்கிறது, நடுவழியில் திசை மாறுகிறது, திரையில் தெரிவதற்குள் பாதி வழி வந்துவிடுகிறது. அதனால் நம்முடையதையும் புதுப்பிக்க வேண்டும். இதில் அவளுக்கு எந்த மறுப்பும் இல்லை. பழைய ராடாரின் உதிரிப் பாகத்துக்காகக் காயலான் கடை வரை அலைந்தவள் அவள். புதிய மென்பொருளில் பாதி அவள் கை பட்டது. எதிரியே இல்லாத உலகத்தில் வாழ்வதாக நினைக்கிற ஆள் இல்லை அவள். அந்த ஒரு அழைப்பை மட்டும் விட்டுவைக்க வேண்டும். ஒரு நிலையத்தில் அபாயம் தெரிந்தால், அங்கே இருக்கிற மனிதன் போனை எடுத்து நானூறு மைல் தள்ளி இருக்கும் இன்னொரு நிலையத்து மனிதனைக் கேட்க வேண்டும். இதைத்தான் இரண்டாவது குரல் என்பார்கள். அதற்கு இரண்டரை நிமிஷம் ஆகிறது. இனி இயந்திரம் இயந்திரத்தைக் கேட்டுக்கொள்ளும், கண் இமைக்கும் நேரம் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு நிலையத்திலும் ஓடுவது ஒரே மென்பொருள். இரண்டு கண்ணுக்கும் ஒரே மூக்குக்கண்ணாடி. கண்ணாடியில் கீறல் விழுந்தால் இரண்டு கண்ணும் ஒரே கீறலைப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும். சோதனையில் மூன்று தடவை அப்படித் தலையாட்டியது. வானத்தில் ஒன்றுமே இல்லாதபோது மூன்று தடவை. அவள் அறிக்கை எழுதினாள். சோதனைக்கூடத்துப் பேய் என்று சிரித்தார்கள். வெளியே, நிஜமான நிலையத்தில், நிஜமான நாளில் ஒரு தடவையாவது நடந்திருக்கிறதா? நாற்பது வருஷத்தில் இரண்டாவது குரல் ஒரே ஒரு தடவையாவது நம்மைக் காப்பாற்றியிருக்கிறதா, பதிவேட்டில் ஒன்றும் இல்லையே என்று போனில் சிட்னிஸ் கேட்டார். அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவள் சரி, சரி என்றாள்.

பதிவேட்டில் ஏறாத ஒன்று இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை அது. கிழக்குக் கடற்கரை, முதல் நாள் மழை பெய்து விட்டிருந்தது, காலை பத்தே முக்கால், நிலையத்துக்குள் ஈரச் சாக்கு வாடை. திரையில் கடலுக்குள்ளிருந்து நாலு கோடுகள் முளைத்தன. நாலும் சீராக மேலே ஏறின. பொறுப்பில் இருந்த அதிகாரி ஒரு மாதிரியான உச்சஸ்தாயியில் “உறுதியா? உறுதியா?” என்று கத்திக்கொண்டிருந்தார். போன் முன்னால் பிச்சையா உட்கார்ந்திருந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், தொழில்நுட்ப உதவியாளர், ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. ஓட்டை இந்தியில் மறுமுனையைக் கேட்டார். இங்கே ஒன்றும் இல்லை என்றான் அடுத்த நிலையத்து ஒடியாக்காரன். அதிகாரி மேலிடத்துடன் பேசுவதற்கான இன்னொரு போனில் கை வைத்துவிட்டார். பிச்சையா திரும்பிப் பார்க்காமலேயே, “இருங்க சார், இன்னொருக்கா கேட்டுட்டுச் சொல்லுதேன்” என்றார். இன்னொருக்கா! நாலு கோடும் ஏறிக்கொண்டிருக்கும்போது, கடைக்காரனிடம் விலை கேட்கிற மாதிரி இன்னொருக்கா. மறுபடி ஒன்றும் இல்லை என்று வந்தது. அப்போதுதான் அவர் திரும்பினார். திரையைப் பார்க்கவில்லை. வேதநாயகியைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் சோதனைக்காக அவள் ஏற்றிய பொய்த் தரவு, வேலை முடிந்ததும் கழற்ற வேண்டிய இணைப்பு, மழைக்கு முன் ஜீப்பைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம். கழற்றவில்லை. நாலு கோடும் அவள் போட்ட கோடு. பிச்சையா எழுந்து போய்த் தன் கையாலேயே அந்த இணைப்பைப் பிடுங்கினார். கோடுகள் போய்விட்டன. அதிகாரி நாற்காலியில் விழுந்து தண்ணீர் கேட்டார். பதிவேட்டில் பிச்சையாவின் முத்து முத்தான கையெழுத்தில், ‘மின்னழுத்த மாறுபாடு. சரிசெய்யப்பட்டது.’ மதியம் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே, கை கழுவும் இடத்தில், அவர் மெதுவாகச் சொன்னார்: “இத இதோட விட்ருவோம்மா. ஒங்களுக்கும் புள்ள குட்டி இருக்கு.” அவள் சரி என்றாள்.

அந்தச் சரி சத்தம் இல்லை. அதில் போன் இல்லை, கரகரப்பு இல்லை, நானூறு மைல் இல்லை. ஒரு முழத் தூரத்தில் நின்று, முகம் பார்த்துச் சொன்ன, அர்த்தமுள்ள, கெட்டியான சரி. பிச்சையா இறந்து இரண்டு வருஷமாகிறது. இப்போது அந்தப் புதன்கிழமை உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குள்தான் இருக்கிறது, அந்த ஆள் டெல்லியில் ஒரு சோபாவின் நுனியில் ஆறிப்போன தேநீருடன் உட்கார்ந்திருக்கிறாள். புதிய ஏற்பாட்டில் இரண்டு நிலையத்துக்கும் ஒரே தரவு, அன்றைக்கு அவள் மறந்த அந்த நாலு கோடும் இரண்டு திரையிலும் ஒரே நொடியில் ஏறியிருக்கும். இயந்திரம் இயந்திரத்தைக் கேட்டிருக்கும். உனக்கும் தெரிகிறதா? தெரிகிறது. இன்னொருக்கா கேட்க அங்கே யாரும் இல்லை. அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. நினைத்தால் எதிர்ச்சுவர், கடிகாரம், ஜன்னலுக்கு வெளியே தோட்டத்து வெயிலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கும் குமாஸ்தாப் பெண்கள், எல்லாமே இல்லாமல் போயின. சரி, அப்படியானால் போன மாதம் சொன்னது எந்தச் சரி? ஒரு மாதமாக இதே இடத்தில்தான் முள்ளாய் மாட்டிக்கொள்கிறது. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற சத்தமா? இல்லை, ‘பதிவேட்டில் ஒன்றும் இல்லையே’ என்று அவர் சொன்னபோது, அப்பாடா, ஒன்றும் இல்லை, யாருக்கும் தெரியாது என்று உள்ளே இருந்த ஒரு கோழை போட்ட கையெழுத்தா? சிட்னிஸ் காதில் தப்பாக விழுந்தது என்று ஊரெல்லாம் சொல்லலாம். சரியாகத்தான் விழுந்ததோ என்னவோ. முந்தாநாள் உலகநாதனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். “பென்சன் போகும். கேஸ் கூட வரலாம்” என்றான். “தெரியும்ங்க.” “அப்போ சொல்லிரு.” இப்படியும் ஒரு மனிதன். அவன் சுலபமாகச் சொல்லிவிட்டான். நாக்கு அவனுடையதா என்ன? விமானம் முழுக்க ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்தாள். ‘இல்லை. இது தவறு. நான் உறுதி செய்யவில்லை.’ இல்லை என்று ஆரம்பிக்க வேண்டும். அதுதான் முக்கியம். ஐம்பத்தொரு வயதில் யாரிடமும் அவள் எதையும் இல்லை என்று ஆரம்பித்ததே கிடையாது. மறுப்பதாக இருந்தாலும் சரி என்று தொடங்கித்தான் ஆனால் என்று இழுப்பாள். மளிகைக்கடைக்காரர் சொத்தைத் தேங்காயைக் கொடுத்தாலும், சரிங்க, ஆனா வேற இருக்குமா. கிளம்பும்போது பெங்களூரில் தன் இடத்தில் போனில் உட்காரப்போகும் கனகசபையை நிறுத்தி வைத்துச் சொல்லிவிட்டு வந்தாள். பட்டுக்கோட்டைக்காரர், பதினைந்து வருஷமாகக் கூட வேலை பார்ப்பவர். “கனகசபை, நாளைக்கு லைன்ல சரி சரின்னு சொல்லிக்கிட்டே இருக்காதீங்க. அவங்க ஒப்புதல்னு எழுதிக்குவாங்க.” அவர் தலையைச் சொறிந்தார். “அப்பறம் நான் லைன்ல இருக்கேன்னு அவங்களுக்கு எப்புடி மேடம் தெரியும்?” “பேசாம இருங்க. போதும்.” “சரி மேடம்” என்றார் அவர்.

கதவு திறந்தது, கூப்பிட்டார்கள். ஆறிப்போன தேநீரை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். நீள மேசை, பதினோரு பேர், நடுவில் சிலந்தி மாதிரி அந்தத் தொலைபேசி ஒலிபெருக்கி, ஓரத்தில் குறிப்பெழுதும் திருமதி ரஸ்தோகி, நரைத்த கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியபடி. சிட்னிஸ் எல்லோரிடமும் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். அவளைப் பார்த்து, இவ்வளவு தூரம் வந்தீர்களே என்று பரிவாகச் சொல்லி, சால்வை போதுமா, குளிர்கிறதா என்று கூடக் கேட்டார். கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். போன மாதக் குறிப்பைப் படிக்கத் தொடங்கினார்கள். ஒன்றாம் பத்தி, இரண்டாம் பத்தி. இல்லை. இல்லை என்று ஆரம்பி. நாலாம் பத்தி. தண்ணீர்க் குவளை எட்டாத தூரத்தில் இருந்தது. ஆறாம் பத்தி. பிச்சையா கை கழுவிய குழாயில் சோப்பு ஒரு வலைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது, இத்தனை வருஷம் அது நினைவுக்கே வந்ததில்லை. ஏழாம் பத்தியைப் படித்து முடித்தார்கள். சிட்னிஸ் கண்ணாடிக்கு மேலே பார்த்து, ஆங்கிலத்தில், “திருத்தம் ஏதாவது உண்டா?” என்றார். வேதநாயகி ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பதினோரு முகமும் திரும்பின. வாயைத் திறந்தாள்.

“சரி...” என்று வந்தது.

பாழாய்ப்போன நாக்கு. ஆனால் என்று தொடர்வதற்குள் சிட்னிஸ் மலர்ந்த முகத்துடன், “ஸஹி. நன்றி டாக்டர். அடுத்தது” என்று தாளைத் திருப்பிவிட்டார். பக்கத்து ஆள் தாளைத் திருப்பினார். மேசை முழுக்கத் தாள் திரும்பும் சத்தம் ஓடியது. எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது, ஒரு தடவை போனில், ஒரு தடவை நேரில். யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை, ஓய்வூதியம் வரும், உலகநாதன் ஒன்றும் கேட்காமல் காபி போட்டுக் கொடுப்பான். பிறகு என்றைக்கோ ஒரு நாள் காலை பத்தே முக்காலுக்கு ஏதோ ஒரு நிலையத்தில் எவளோ ஒருத்தி ஜீப்பைப் பிடிக்கிற அவசரத்தில் எதையோ கழற்ற மறந்திருப்பாள். உள்ளங்கையில் இருந்த பித்தளை வில்லையை மேசைமேல் ஓங்கி அடித்தாள். தான்தான் அடித்தோம் என்பது அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

“இல்லை” என்றாள். தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில், கோர்வை இல்லாமல், விமானத்தில் மனப்பாடம் செய்தது ஒன்றுகூட ஞாபகம் வராமல் பேசினாள். “நான் சொன்னது உங்கள் மொழி வார்த்தை இல்லை சார். அது வெறும் சத்தம். நான் எதையும் உறுதி செய்யவில்லை. இரண்டாவது குரல் ஒரு தடவையாவது உதவியிருக்கிறதா என்று கேட்டீர்கள். உதவியிருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால். பதிவேட்டில் மின்னழுத்தம் என்று இருக்கும், அது பொய். சோதனைத் தரவைக் கழற்றாமல் போனது நான். பிச்சையா என்று ஒருவர் போனில் இரண்டாவது தடவையும் கேட்டார். அதனால்தான் நாம் எல்லோரும் இங்கே உட்கார்ந்து டீ குடிக்கிறோம்.” அழவில்லை என்றுதான் அவள் நினைத்தாள். பக்கத்து ஆள் கைக்குட்டையை நீட்டியதும்தான் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது. சிட்னிஸ் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்திலிருந்த பரிவெல்லாம் போய்விட்டது. “டாக்டர், நீங்கள் சொல்வது என்ன என்று உங்களுக்குத் தெரிகிறதா? இது குறிப்பில் ஏறினால் மறுபடி இறக்க முடியாது” என்றார். “தெரியும் சார். எழுதச் சொல்லுங்கள்.” அவர் திருமதி ரஸ்தோகியைப் பார்த்தார். அந்தம்மாள் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, பிறகு வேண்டாமென்று பேனாவை எடுத்துக்கொண்டாள்.

வேதநாயகி முதலிலிருந்து, மெதுவாக, எழுதுவதற்கு ஏற்ற வேகத்தில் சொன்னாள். நிலையத்தின் பெயர், தேதி, நேரம், தன் பெயர், தன் பதவி. பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியில், மேசை நடுவிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. ஆயிரம் மைலுக்கு அப்பால், இந்தக் கதையை வாழ்நாளில் முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்த கனகசபைக்கு, அவள் சொல்லிவிட்டு வந்ததெல்லாம் மறந்துபோயிருக்க வேண்டும். “சரி...” என்று தழுதழுத்தது அந்தக் குரல். “சரி... சரி...”

திருமதி ரஸ்தோகி பேனாவை நிறுத்தி நிமிர்ந்தாள். “இவர் இதை உறுதி செய்கிறாரா? அப்படியே எழுதிக்கொள்ளட்டுமா?”

“இல்லை” என்றாள் வேதநாயகி. “கேட்டுக்கொண்டிருக்கிறார்.”